எச்சரிக்கை மடல் வந்தால் பாட்டு இறக்குவதை விட்டுவிடுவார்களா?

புதுவைப்பெண் (சென்-போல், ரியூனியன்):
நேற்று வீட்டில் ஒரு வாக்குவாதம். அக்கா மகனுக்கு இருபது வயது. "சட்டத்துக்குப் பயந்து யாரும் இணையத்திலிருந்து காசு கொடுக்காமல் பாட்டு இறக்குவதை விட்டதில்லை, சித்தி" என்று அடித்துச் சொல்கிறான். எனக்கு அப்படிப் படவில்லை.

2011-ல் எங்கள் வீட்டு இணைப்புக்கே எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. யார் வேலை என்று விசாரித்தால், எங்களோடு தங்கிப் படித்த உறவுக்காரப் பையன். அன்று இரவே டொரன்ட் மென்பொருளை (இணையத்தில் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்து இறக்குவது) அழித்தோம், வைஃபை கடவுச்சொல்லை மாற்றினோம். அதன் பிறகு இந்த வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக: அனுமதியில்லாமல் பாட்டு, படம் பகிர்வதைத் தடுக்கும் பிரான்சின் அதோபி சட்டம் 2009-ல் வந்தது. ரியூனியன் பிரான்சின் மாவட்டம் என்பதால் எங்களுக்கும் அதே சட்டம்தான். டொரன்டில் பகிர்ந்தது தெரிந்தால் அதற்கான அரசு ஆணையத்திடமிருந்து முதலில் மின்னஞ்சல், ஆறு மாதத்துக்குள் மறுபடி மாட்டினால் பதிவுத் தபால். அடுத்த ஒரு வருடத்துக்குள் மூன்றாவது முறை என்றால் விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம். அபராதம் 1500 யூரோ வரை. பயம் வேலை செய்யும் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கம்பிவலை (சென்-தெனி, ரியூனியன்):
அக்கா, உங்கள் வீட்டில் பயம் வேலை செய்தது, சரி. ஆனால் அது அடைத்தது ஒரு வழியை மட்டும்.

டொரன்டில் ஒரு பாட்டை இறக்கும்போதே அதை மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நம் ஐபி முகவரி, அதாவது நம் இணைப்பின் அடையாள எண், எல்லோருக்கும் தெரியும். பாட்டின் உரிமையாளர் சார்பில் கண்காணிப்பவர்கள் அதைக் குறித்துக்கொண்டு புகார் கொடுக்கிறார்கள், மடல் வருகிறது. யூடியூபிலிருந்து எம்பி3 ஆக மாற்றினாலோ ஏதாவது தளத்திலிருந்து நேராக இறக்கினாலோ இந்த மடல் வராது.

வீடு வீடாகப் போய் இணைப்பு கொடுப்பது என் தொழில். அந்த வருடங்களில் கணினிகளிலிருந்து டொரன்ட் மறைந்தது உண்மை. அதற்குப் பதிலாக மேசை மேல் வெளி ஹார்ட் டிஸ்க் வந்து உட்கார்ந்தது. காவடி முடிந்து வாழை இலையில் சாப்பிட உட்கார்ந்தால், பந்தி முடிவதற்குள் நாற்பது ஐம்பது படப் பாடல்கள் கைமாறிவிடும். அதை எந்த ஆணையம் பார்க்கும்?

சதங்கை (சென்-ஆந்த்ரே, ரியூனியன்):
தம்பி, அந்தப் பந்தியில் கைமாறியவற்றில் என் பாட்டும் உண்டு.

முருகன் பாடல்களை நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தச் செலவில் பதிவு செய்து, 300 குறுந்தட்டு போட்டோம். அடுத்த வருடத் திருவிழாவில் ஒவ்வொரு காரிலும் என் குரல் கேட்கிறது. வீட்டிலோ 210 தட்டு அப்படியே கிடக்கிறது. மிருதங்கம் வாசித்தவருக்குப் பேசிய பணத்தை நான் இரண்டு வருடம் கழித்துத்தான் கொடுத்தேன். "யார் நஷ்டப்பட்டார்கள்?" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசுவதாலேயே பலன் உண்டு என்பதற்கு ஆய்வே இருக்கிறது. அதோபி பற்றிப் பிரான்சில் பெரிதாகப் பேச்சு எழுந்த காலத்தில் அங்கே ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையின் விற்பனை எப்படிப் போனது என்று பொருளாதார ஆய்வாளர்கள் மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனிப் பாடல் விற்பனை 22.5 சதவீதம், ஆல்பம் விற்பனை 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதல் மடல் போனதே 2010 அக்டோபரில்தான். மடலுக்கு முன்பே ஜனங்கள் மாறத் தொடங்கினார்கள் என்றால் அதற்கு என்ன பெயர்?

கம்பிவலை:
ஐயா, உங்கள் நஷ்டத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கேட்பது, அந்த மாற்றம் நிலைத்ததா என்றுதான்.

சுவீடனைப் பாருங்கள். 2009 ஏப்ரல் 1-ல் அங்கே இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. ஒரே நாளில் நாட்டின் இணையப் போக்குவரத்து சரிந்தது. இசை விற்பனையும் கூடியது. ஆறு மாதம் போனதும் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது என்று அங்கே ஆராய்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். வழக்குகள் அதிகம் இல்லை என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போனது.

அமெரிக்கக் கதை இன்னும் பெரிது. 2003 செப்டம்பர் 8 அன்று இசை நிறுவனங்களின் சங்கம் ஒரே நாளில் 261 பேர் மேல் வழக்குப் போட்டது. அதில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் தாய் 2000 டாலர் கட்டி வழக்கை முடித்தார். 2007-ல் இன்னொரு பெண் 24 பாட்டுக்காக 2,22,000 டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. சுமார் 35,000 பேர் வரை இழுத்துவிட்டு 2008 டிசம்பரில் அந்த வழியையே கைவிட்டார்கள்.

முதல் வழக்குகள் வந்த சில மாதத்தில் பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், பாட்டு இறக்குவதாகச் சொன்னவர்கள் 29 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தார்கள். இதைத்தான் எல்லோரும் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அது தொலைபேசியில் கேட்டு வாங்கிய பதில். பக்கத்து வீட்டுக்காரன் மேல் வழக்கு போட்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டுக் கேட்டால் "ஆமாம், இறக்குகிறேன்" என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

சதங்கை:
சொல்லக் கூசினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதுவும் பெரிய விஷயம். அதற்கு முன்னால் கூச்சமே இருந்ததில்லை. என்னிடமே வந்து "அண்ணே, உங்க பாட்டை இலவசமா இறக்கிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னவர்கள் உண்டு.

மல்லிச்சரம் (சாட்ஸ்வொர்த், டர்பன்):
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தென்னாப்பிரிக்காவில் 1978-ல் போட்ட காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வருவதுபோல் படிப்படியான எச்சரிக்கை மடல் முறை இங்கே இல்லை. எங்கள் பிள்ளைகள் பென் டிரைவில் பாட்டு வாங்கியதற்குக் காரணம் டேட்டா விலை. 2016-ல் டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி நாடு முழுக்கப் பெரிய இயக்கமே நடந்தது. 2018 மார்ச்சில் இணையத்திலேயே பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபை சேவை இங்கே வந்தது. என் மகள் அதற்கு மாறிவிட்டாள், பாட்டியின் பழைய பக்திப் பாடல்கள் உட்பட எல்லாம் அதில்தான். அவளை யாரும் மிரட்டவில்லை. தேடினால் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

புதுவைப்பெண்:
மல்லி சொன்னதைப் படித்த பிறகு என் வீட்டுக் கதையையே திரும்ப நினைத்துப் பார்த்தேன். நாங்கள் டொரன்டை விட்டோம், ஆனால் காசு கொடுத்து ஒரு பாட்டுகூட வாங்கவில்லை. சில வருடம் பாட்டே குறைந்துபோனது. பிறகு யூடியூப். சதங்கை அண்ணன் மாதிரி ஒருவருக்கு அந்தப் பயத்தால் ஒரு சென்ட் போயிருக்காது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2012 செப்டம்பரில் இந்தச் சட்டத்தில் முதன்முதலாகத் தண்டனை பெற்றவருக்கு 150 யூரோ அபராதம். பாட்டை இறக்கியது அவர் அல்ல, பிரிந்துகொண்டிருந்த மனைவி. இணைப்பைப் பாதுகாக்கவில்லை என்பதுதான் அவர் மேல் குற்றம். எங்கள் வீட்டிலும் நான்தான் மாட்டியிருப்பேன், இறக்கிய பையன் அல்ல. அந்தச் சட்டத்தில் இருந்த, இணைப்பைத் துண்டிக்கும் தண்டனையை 2013 ஜூலையில் நீக்கியபோது நான் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பிவலை:
அதேதான் அக்கா. அப்புறம், ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதே சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் நகலுக்காக விலையில் ஒரு பங்கு கலைஞர்களுக்குப் போகிறது. 1985-லிருந்தே அந்த ஏற்பாடு உண்டு.

சதங்கை:
முறையாக வாங்கியதை நகல் எடுப்பதற்குத்தான் அந்தப் பணம், தம்பி. களவாக வந்ததற்கு அது பொருந்தாது என்று 2011-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதில் என் பங்குக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள், எதுவும் வரவில்லை.

நகல் எடுப்பதே பாவம் என்று நான் நினைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். என் தாத்தா பால் தமூல் ஆடியவர். நம் தெருக்கூத்துக்கு இந்தத் தீவில் அப்படித்தான் பெயர். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. பிரெஞ்சு எழுத்தில், காதில் விழுந்தபடி, நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். எல்லாம் வாத்தியாரிடமிருந்து பார்த்து எழுதியவை. ஆனால் வாத்தியார் வீட்டுக்கு அரிசி மூட்டை போகும். கூத்து நடக்கும் இரவில் முதல் மாலை அவருக்குத்தான். பார்த்து எழுதியவன் யாரிடமிருந்து எழுதினான் என்று ஊருக்கே தெரியும். ஹார்ட் டிஸ்க்கில் என் பெயர்கூட இல்லை, "முருகன் 07" என்று இருக்கிறது. அபராதம் வேண்டாம் என்றால் சரி, அதற்குப் பதில் என்ன என்று சொல்லுங்கள்.

கம்பிவலை:
ஐயா, அந்தப் பதிவுகளின் மூலக் கோப்புகள் உங்களிடம் இருக்கின்றனவா? ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் உங்கள் நாலு பேர் பெயரோடும் ஏற்றுவதற்கு நான் உதவுகிறேன். பெரிதாகப் பணம் வரும் என்று சொல்ல மாட்டேன். கோவிலில் குறுந்தட்டு வைக்கிற இடத்திலேயே பாட்டின் இணைய முகவரியையும் பணம் செலுத்தும் வழியையும் ஒட்டுவோம். சனிக்கிழமை சென்-ஆந்த்ரே பக்கம் எனக்கு வேலை இருக்கிறது.

சதங்கை:
கோப்புகள் இருக்கின்றன. மிருதங்கக்காரரின் பெயரை முதலில் போட வேண்டும். பத்து மணிக்கு மேல் வாருங்கள், சாப்பாடு இங்கேதான்.