ஜிஎஸ்டி அலுவலகத்தில் எந்த வேலையை ஏஐயிடம் கொடுக்கலாம்?

பனியன்நகர் கணக்கர்:
வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பார்ட்டிகள் பெரும்பாலும் பனியன் கம்பெனிகளும் நிட்டிங், டையிங், பிரிண்டிங் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும்தான். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வரும். 20-க்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி. இந்த 14-க்கும் 20-க்கும் நடுவில்தான் அலுவலகம் திணறுகிறது. ஏஐ மென்பொருள் விற்க வருகிறவர்கள் பில் என்ட்ரி, 2பி ஒப்பிடல், ஐடிசி (வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு) எடுப்பது, நோட்டீசுக்குப் பதில் என்று எல்லாவற்றையும் செய்து தருகிறோம் என்கிறார்கள். மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க மனமில்லை. பழையபடியே ஓட்டவும் முடியவில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? காரணத்தோடு சொல்லுங்கள்.

கோவை_தானியங்கி:
சார், அதிக நேரம் தின்பது எதுவோ அதில் தொடங்குங்கள். உங்கள் தொழிலில் அது பில் என்ட்ரி. பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவிலிருந்தே பில் நம்பர், தேதி, தொகை, வரி எல்லாம் எடுத்து டேலியில் ஏற்றலாம். நோட்டீசுக்கு முதல் வரைவையும் அதுவே எழுதட்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் உங்கள் வேலையாக இருந்தால் போதும்.

மதுரைப் பேரேடு:
நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. பில் என்ட்ரியை முழுசாகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம் ஆபீசில் கணக்கு தெரிந்தவர் யார் இருப்பார்? பி.காம் முடித்து வரும் பிள்ளைகள் தொழிலைக் கற்பது அந்தப் பில் கட்டில்தான். இந்தப் பார்ட்டி எந்த மில்லில் நூல் வாங்குகிறார், எந்த டையிங்குக்குத் துணி போகிறது என்பதெல்லாம் ஆறு மாதம் என்ட்ரி போட்டவருக்கு மனப்பாடம். திடீரென்று பேர் தெரியாத சப்ளையரிடமிருந்து பெரிய தொகைக்கு பில் வந்தால், "சார், இது யாரு?" என்று முதலில் கேட்பதும் அந்தப் பிள்ளைதான். போலி பில் விவகாரத்தில் பார்ட்டி மாட்டாமல் தப்பிப்பது அந்த ஒரு கேள்வியால்.

சேலத்துக்காரி:
நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. நான் முதலில் பார்ப்பது, தப்பு நடந்தால் ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே அது தானாக வெளியே தெரியுமா என்பதைத்தான்.

பில் படிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநில எண், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டுப் போட்டது. ஏஐ ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால் அந்தக் கணக்கு உதைக்கும். தொகையைத் தப்பாகப் படித்தால் வரி பொருந்தாது. இதையெல்லாம் தாண்டி வந்தாலும் 2பி-யில் இடிக்கும். இத்தனை வலை இருப்பதால் இந்த வேலையைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஐடிசி எடுக்கலாமா கூடாதா என்ற முடிவு அப்படி இல்லை. முதலாளி சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கட்டிய பில் 2பி-யில் ஒழுங்காக வந்து நிற்கும். எண் சரி, தொகை சரி. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி அந்த வரவு கிடைக்காது. 2பி ஒப்பிடலில் அது பொருந்திய பில்லாகத்தான் தெரியும். எடுத்து உபயோகப்படுத்திவிட்டால் பிறகு 18% வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அதுவரை யாருக்கும் தெரியாது. இந்த முடிவை நான் எந்த மென்பொருளுக்கும் விட மாட்டேன்.

வரி விகிதமும் அப்படித்தான். 22.09.2025 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5%, அதற்கு மேல் 18%. முன்பு எல்லை 1,000 ரூபாய், அதற்கு மேல் 12%. பழைய தரவில் பழகிய ஏஐயைக் கேட்டால் அந்த 12 சதவீதத்தையே தயங்காமல் சொல்லக்கூடும். ஆடை விற்கும் ஊரில் அது எவ்வளவு பெரிய ஆபத்து!

கோவை_தானியங்கி:
மேடம், மனிதரும் தப்பு விடுகிறார்களே? 19-ஆம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு என்ட்ரி போடுகிறவர் 17(5) எல்லாம் பார்ப்பாரா? கார், ஹோட்டல், கேட்டரிங் பில்களைத் தனியாக எடுத்து "இதைப் பாருங்கள்" என்று காட்டும் வேலையை ஏஐக்குக் கொடுக்கலாமே.

சேலத்துக்காரி:
காட்டட்டும், தாராளமாக. காட்டாத பில்லில் பிரச்சினையே இல்லை என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நெல்லை எக்செல்:
ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 2பி ஒப்பிடலுக்கு ஏஐயே தேவையில்லை. ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தொகை மூன்றையும் வைத்து எக்செலில் ஒரு ஃபார்முலா போட்டால் பெரும்பாலானவை பொருந்திவிடும், ஒவ்வொரு முறையும் ஒரே விடை வரும். மிச்சம் நிற்பவை வேறு ரகம். நம் கையில் உள்ள பில்லில் வெறும் 47 என்று இருக்கும், சப்ளையர் 0047/25-26 என்று ஏற்றியிருப்பார். இரண்டு பில்லைச் சேர்த்து ஒன்றாகப் போட்டிருப்பார். அந்த மிச்சத்துக்கு மட்டும் ஏஐ ஜோடி சேர்த்துக் காட்டினால் உண்மையிலேயே உபயோகம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று பார்ப்பதும் தேதிக் கணக்குதான். இதற்கெல்லாம் மாதச் சந்தா கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

மதுரைப் பேரேடு:
நோட்டீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இங்கே 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வருமான வரி மதிப்பீட்டு உத்தரவையே ரத்து செய்தது. அதிகாரி காட்டிய மூன்று தீர்ப்புகளும் எங்கேயும் இல்லாதவை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

கோவை_தானியங்கி:
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம் அண்ணா. தீர்ப்பு மேற்கோளை ஏஐயிடம் கேட்கவே வேண்டாம். ஆனால் நோட்டீஸ் வேலை முழுக்கச் சட்ட வாதம் இல்லையே. ரிட்டர்னில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்தால் பாதி வேலை, 3பி-க்கும் 2பி-க்கும் உள்ள வித்தியாசத்தை மாத வாரியாகப் பிரித்து, எந்தப் பில்லால் வந்தது என்று அட்டவணை போடுவது. பதில் சொல்ல 30 நாள்தான். அந்த அட்டவணையைக் கொடுத்துவிட்டு வாதத்தை நீங்கள் எழுதுங்கள். ஆனால் என்ட்ரி போட்டால்தான் தொழில் வரும் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். பொருந்தாத பில்லைத் துருவிப் பார்ப்பதிலும் கற்றுக்கொள்ளலாம்.

மதுரைப் பேரேடு:
பொருந்தும் பில் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குப் பொருந்தாத பில் எப்படித் தெரியும் தம்பி?

பனியன்நகர் கணக்கர்:
எல்லோருக்கும் நன்றி. பில் படிப்பதை அடுத்த மாதம் இரண்டு பார்ட்டிகளுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். அவர்களிடம் முதலில் அனுமதி கேட்பேன், அவர்கள் வியாபாரம் முழுவதும் அந்தப் பில்களில் இருக்கிறது. இலவச செயலிகளில் ஏற்ற மாட்டேன். 2பி-க்கு நெல்லை நண்பர் சொன்னபடி முதலில் எக்செல், மிச்சத்துக்கு ஏஐ. ஐடிசி முடிவும் நோட்டீஸ் வாதமும் என்னிடமே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு பார்ட்டியின் பில்களை முழுசாகக் கையால் போடக் கொடுக்கப் போகிறேன்.

மதுரைப் பேரேடு:
அந்த ஒரு பார்ட்டி ஜாப் ஒர்க் யூனிட்டாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்கும் பில் கொஞ்சம்தான். நூல் வாங்கி, வெளியே நிட்டிங், டையிங் கொடுத்து, துணியாகத் திரும்ப வாங்கும் கம்பெனியாகக் கொடுங்கள். சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்ததா என்று டெலிவரி சலானோடு பார்க்கவும் அவன் பழகுவான்.