ஜாமீன் கையெழுத்து

(எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு வந்த செய்திகள்.)

தம்பி: பெரியப்பா, நாளைக்கு மாதிரித் தேர்வு. "இலங்கையில் இந்திய அமைதிப்படையின் தோல்விக்கான காரணங்களை ஆராய்க, 250 சொற்கள்" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்கிறார்கள். நீங்கள் அங்கே இருந்தவர். நாலு பாயிண்ட் சொல்லுங்கள்.

பெரியப்பா: கேள்வியே தப்பு. தோற்றது படை இல்லை, அனுப்பினவர்கள்.

சித்தப்பா: போச்சு, இன்றைக்கு யாரும் தூங்கின மாதிரிதான்.

பெரியப்பா: நீ தூங்கு, நான் பையனுக்குச் சொல்கிறேன். 1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே படை இறங்க ஆரம்பித்துவிட்டது. 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அப்புறம் 72 மணி நேரத்துக்குள் போராளிகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருந்தது இது. சண்டை கிடையாது, காவல் வேலைதான் என்று எங்களிடம் சொன்னார்கள். அக்டோபரில் அதே ஆட்கள் மேல் சுடச் சொன்னார்கள். 1983-க்கு அப்புறம் நம் மண்ணில், நம் செலவில் பயிற்சி எடுத்துப் போனவர்கள் அவர்கள்.

நான்: கையெழுத்துப் போட்டது யார் யார் பெரியப்பா? புலிகளும் போட்டார்களா?

பெரியப்பா: அங்கேதான் விஷயம். தம்பி (உன் சித்தப்பாவைத்தான் சொல்கிறேன்), நீ முப்பது வருஷம் பேங்கில் இருந்தவன். கடன்காரன் கையெழுத்தே போடாத பத்திரத்தில் ஜாமீன்தாரர் மட்டும் போட்டால் அந்தக் கடன் பாஸ் ஆகுமா?

சித்தப்பா: ஆகாது.

பெரியப்பா: அங்கே ஆகிவிட்டது. போராளிகள் சார்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. அவர்கள் ஆயுதத்தைக் கீழே வைப்பார்கள் என்று டெல்லி ஜாமீன் நின்றது. வைக்கவில்லை என்றால்? ஜாமீன்தாரர்தானே கட்ட வேண்டும். நாங்கள் கட்டினோம்.

சித்தப்பா: அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்த வருஷம் மே, ஜூனில் வடமராட்சியில் இலங்கை ராணுவம் நடத்திய தாக்குதலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாயா? இங்கே தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அங்கே அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம், மாகாண சபை என்று காகிதத்திலாவது ஏதாவது இருக்கிறது என்றால் அது அந்த ஒப்பந்தத்தால் வந்தது.

பெரியப்பா: தலையிட்டது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. தலையிட்ட விதம்.

மாமி (டொராண்டோ): இங்கே இப்போதுதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தேன். நானும் கொஞ்சம் கதைக்கலாமா?

பெரியப்பா: சொல்லம்மா தங்கச்சி. எங்களைவிட உனக்குத்தான் உரிமை.

மாமி (டொராண்டோ): அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம், எனக்கு 14 வயது. ஜூன் 4-ம் தேதி பின்னேரம் விமானச் சத்தம். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் எங்கள் பழக்கம். அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டா. ஐயா மட்டும் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு விழவில்லை, குடை விரித்துக்கொண்டு மூட்டைகள் விழுந்தன. "இந்தியா வந்திட்டுது" என்று ஐயா கத்தினது இன்னும் காதில் இருக்கு.

தம்பி: பூமாலை நடவடிக்கை! முந்தின நாள் படகுகளில் அனுப்பிய பொருட்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் விமானத்தில் 25 டன் போட்டார்கள். படித்திருக்கிறேன் மாமி.

மாமி (டொராண்டோ): நீ படித்திருக்கிறாய். நாங்கள் அந்த அரிசியில் சோறு தின்றோம். ஆகஸ்டில் இந்தியன் ஆமி வாகனம் வந்தபோது எங்கள் ஒழுங்கை முகப்பில் பூ மாலை போட்டோம், நானும்தான். ஒக்டோபரில் அதே ஒழுங்கையால் டாங்கி வந்தது. அப்போது நாங்கள் கோயில் மண்டபத்தில் தரையில் படுத்திருந்தோம். இரண்டரை மாதம்தான் அண்ணை, மாலைக்கும் டாங்கிக்கும் இடையில்.

சித்தப்பா: ஆயுதத்தை முழுதாகக் கொடுக்காத புலிகள் மேல் தப்பே இல்லையா?

மாமி (டொராண்டோ): இருக்கு, ஆர் இல்லை என்றது? 86-ல் மற்ற இயக்கப் பெடியளை அவர்கள் சுட்டதையும் எங்கள் சனம் பார்த்தது. ஆனால் இவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று பயிற்சி கொடுத்தவருக்கு முதலே தெரிந்திருக்க வேண்டாமோ?

பெரியப்பா: சரியான கேள்வி. ராணுவத்துக்கு ஒரு கணக்கு, உளவுத்துறைக்கு இன்னொன்று, கொழும்பில் இருந்த நம் தூதர் தீட்சித்துக்கு வேறொன்று. அக்டோபரில் புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட பலரை இலங்கைக் கடற்படை பிடித்து, பலாலி விமானத் தளத்தில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோகப் பார்த்தது. நம் படை பக்கத்திலேயே இருந்தது. டெல்லியால் அதைத் தடுக்க முடியவில்லை. 12 பேர் சயனைடு கடித்துச் செத்தார்கள். அதற்கு மேல் ஒப்பந்தம் ஏது?

பெரியப்பா: ஒரு வாரம் ஆகவில்லை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் ஆளை இறக்கினார்கள். எதிரில் இருப்பவர்கள் ரேடியோவை ஒட்டுக் கேட்டுக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமல். அங்கே இறங்கிய சீக்கியக் காலாட்படைப் பிளாட்டூன் 30 பேர். 29 பேர் அங்கேயே போய்விட்டார்கள், ஒருவன் பிடிபட்டான். சில நாளில் முடியும் என்ற யாழ்ப்பாணம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது.

நான்: நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

பெரியப்பா: தமிழ் தெரியும் என்று என்னைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு கிழவி, கையில் பனையோலைப் பெட்டி. உள்ளே என்ன என்று கேட்டேன். பெட்டியைத் திறக்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். "நீ தமிழே?" என்றாள். ஆமாம் என்றேன். பெட்டியை என் காலடியில் கவிழ்த்துவிட்டு நடந்து போய்விட்டாள். புழுங்கல் அரிசியும் ஒரு ஜோடி சின்னப் பிள்ளைச் செருப்பும்.

பெரியப்பா: குனிந்து பொறுக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவளைக் காணோம்.

(கொஞ்ச நேரம் யாரும் எதுவும் அனுப்பவில்லை.)

தம்பி: பெரியப்பா, ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களை இப்போதுதான் பார்த்தேன். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு எதிராக யாருக்கும் தரக்கூடாது, எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவோடு சேர்ந்து நடத்த வேண்டும், வெளிநாட்டு வானொலி வசதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும்... இதெல்லாம் இருக்கிறதே.

சித்தப்பா: அது நாட்டு நலன். எந்த நாடும் கேட்கும்.

பெரியப்பா: கேட்கட்டும். அதைக் கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "தமிழரைக் காக்க" என்று எழுதிக் கப்பல் ஏற்றியிருக்க வேண்டாம்.

மாமி (டொராண்டோ): கிழக்கு மாகாணம் வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று 1988 முடிவதற்குள் அங்கே பொதுவாக்கெடுப்பு என்றும் எழுதினார்கள். அது நடக்கவே இல்லை. பிறகு பிரேமதாசா அதிபராக வந்து, இந்தியன் ஆமி போகட்டும் என்று புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார்.

சித்தப்பா: அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். காப்பாற்றப் போன இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நம்மை வெளியே போ என்றார்கள். அதைவிட மோசமான நிலை ஒரு வெளியுறவுக் கொள்கைக்கு வரக்கூடாது.

பெரியப்பா: 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கலைஞர் வரவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் எந்த முகத்தோடு வந்திருப்பார் என்றும் தோன்றுகிறது. அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர். அதைப் பற்றி நான் பேச மாட்டேன்.

தம்பி: சரி, முடிவுரை எழுதிவிட்டேன். "இந்நடவடிக்கையில் இந்தியாவுக்கு 1,100-க்கும் மேற்பட்ட உயிரிழப்பு ஏற்பட்டது."

மாமி (டொராண்டோ): அது சிப்பாய்மாரின் கணக்கு. எங்கட சனத்தின் கணக்கு எங்கே?

தம்பி: தேடினேன் மாமி. ஒவ்வொருவர் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

மாமி (டொராண்டோ): எண் வேண்டாம். எண்ணவில்லை என்று எழுது.

தம்பி: 250 சொல்லைத் தாண்டிவிடும்.

பெரியப்பா: முன்னுரையில் இரண்டு வரி வெட்டிவிட்டு எழுதுடா.