எகிப்து சமூகப் படிநிலை: கல்லறை ஓவியரை எந்தப் படியில் வைப்பது?

கேள்வி – பாடப்புத்தக அப்பா
மகளுக்குப் பண்டைய எகிப்து பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே பழைய முக்கோணப் படம்: உச்சியில் பாரோ, அப்புறம் அமைச்சர், பூசாரி, எழுத்தர், கைவினைஞர், உழவர், அடியில் அடிமை. "ராஜா கல்லறையில படம் வரைஞ்சவர் எங்கேப்பா?" என்றாள். கைவினைஞர் மேல் விரலை வைத்தேன். "அப்போ ஏழையா?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பதில் – ஓட்டுச்சில்லு
ஏழை என்று சொல்லிவிடாதீர்கள். லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் டெய்ர் எல் மதீனா என்ற சிற்றூர். மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்தவர்களும் வரைந்தவர்களும் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார்கள். காசு புழங்காத காலம், சம்பளம் தானியம்தான். சாதாரண ஆளுக்கு மாதம் 4 'கார்' கோதுமை, ஒன்றரை கார் பார்லி. மேஸ்திரிக்கு ஐந்தரையும் இரண்டும். ஒரு கார் ஏறக்குறைய 76 லிட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சுமக்க, மீன் பிடிக்க, துணி வெளுக்க எல்லாவற்றுக்கும் அரசே ஆள் வைத்திருந்தது. வெளுக்கப் போட்ட துணிக்கணக்குகூட ஓட்டுச்சில்லுகளில் (குறிப்பு எழுதப் பயன்பட்ட உடைந்த பானை ஓடு, கல் துண்டுகள்) கிடைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த சில்லுகள் அவைதான்!

பதில் – களஞ்சியம்
சரி, அந்தத் தானியம் வராவிட்டால்? மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அதுதான் நடந்தது. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி, மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் சொன்னது இத்தாலியின் டூரினில் உள்ள பாப்பிரஸில் (நாணல் தாள் சுவடி) இன்றும் இருக்கிறது. சொந்தமாக விளைவிக்காதவர்கள், களஞ்சியக் கதவு திறந்தால்தான் அடுப்பு எரியும். என்னைக் கேட்டால், அவர்களை எந்தப் படியில் வைத்தாலும் பென்சிலால்தான் எழுதுவேன்.

பாடப்புத்தக அப்பா
இரண்டையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த கேள்வி: "தண்ணி கொண்டுவந்தவர் எந்தப் படி?" அவரைத்தான் படத்தில் காணவே காணோம்.

ஓட்டுச்சில்லு
கெட்டிக்காரி. அந்த ஊரில் கிணறு இல்லை. தண்ணீர் கழுதையில் வரவேண்டும். தண்ணீர்க்காரரிடம் பெரும்பாலும் சொந்தக் கழுதை கிடையாது, வாடகைக்கு எடுப்பார். யாரிடம் தெரியுமா? அதே கல்லறைத் தொழிலாளிகளிடம்தான். வாடகை பாக்கித் தகராறுகளும் ஓட்டுச்சில்லில் உண்டு. களஞ்சியத்தின் முன்னால் கை ஏந்தி நின்றவர், ஊர் வாசலில் கழுதை முதலாளி.