எலுமிச்சையும் எச்சிலும்: யார் இன்ட்ரோவர்ட்?

ஊமைக்கோட்டான்:
"நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் யாருக்கு எச்சில் அதிகம் ஊறுகிறதோ அவர் இன்ட்ரோவர்ட், அதாவது தனிமை விரும்பி. வேறு ஆராய்ச்சியே வேண்டாம்." நேற்று வேறொரு திரியில் கணக்குவாத்தியார் போட்ட குண்டு இது. அதற்கு நாற்பது லைக் வேறு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்த கையோடு செருப்பைத் தேடுகிற ஆள் நான். என்னைக் கண்டுபிடிக்க எலுமிச்சம்பழம் எதற்கு? திருஷ்டி கழிக்கவா?

கணக்குவாத்தியார்:
கிண்டல் அப்புறம் தம்பி, முதலில் படியுங்கள். 1964இல் கார்கரன் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் செய்தார். 1967இல் லண்டன் உளவியலாளர்களான ஐசெங்க் தம்பதி 50 ஆண்கள், 50 பெண்களிடம் செய்து பார்த்தார்கள். வீட்டிலேயே செய்யலாம், நேற்றே அந்தத் திரியில் எழுதியிருந்தேன். காது குடையும் பஞ்சுக்குச்சியின் நடுவில் நூல் கட்டுங்கள். ஒரு முனை நாக்கில் 20 விநாடி. பிறகு நாக்கில் நாலு சொட்டுச் சாறு விட்டு விழுங்கிவிட்டு, மறுமுனை 20 விநாடி. நூலைப் பிடித்துத் தூக்கினால், எச்சில் அதிகம் ஊறியிருந்தால் தராசு மாதிரி சாறு பக்கம் சாயும். சாய்ந்தால் இன்ட்ரோவர்ட்.

அடைமழை:
நேற்றிரவே செய்தேன் சார். சாயவே இல்லை. போன் அடித்தால் அது ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்போதுதான் பார்த்தேன், என்ன விஷயம்?" என்று வாட்ஸாப்பில் கேட்கிறவள் நான். நான் கூட்டத்தைத் தேடுகிற எக்ஸ்ட்ரோவர்ட்டா?

கணக்குவாத்தியார்:
எத்தனை சொட்டு விட்டீர்கள்?

அடைமழை:
எண்ணவில்லை. பிழிந்தேன்.

கணக்குவாத்தியார்:
பிழிந்தாராம்! ரசத்துக்கா பிழிகிறீர்கள்? நாலு சொட்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

தீப்பெட்டி:
ஐயா, சொட்டு கிடக்கட்டும். 1921இல் உளவியலாளர் யுங் இந்தப் பிரிவைச் சொன்னபோது எச்சிலையா பேசினார்? மனத்தின் ஆற்றல் உள்ளே திரும்புகிறதா, வெளியே ஓடுகிறதா என்றுதான் கேட்டார். இன்றைக்கு இதை ஓர் அளவுகோலாகத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்கள் நடுவில் எங்கேயோ இருக்கிறார்கள். முதலில் எதை இன்ட்ரோவர்ட் என்கிறோம் என்று பேசிவிட்டு...

கணக்குவாத்தியார்:
யுங் மூளையைத் தொடவில்லை, ஐசெங்க் தொட்டார். இன்ட்ரோவர்ட்டின் மூளை ஏற்கெனவே விழிப்பாக இருக்கிறது, அதனால் சின்னத் தூண்டலும் அவருக்குப் பெரிதாகப் படுகிறது. எக்ஸ்ட்ரோவர்ட்டுக்கு அந்த விழிப்பு குறைவு, அதனால்தான் சத்தத்தையும் கூட்டத்தையும் தேடிப் போகிறார். அதைக் காட்டத்தான் எலுமிச்சை. நாலு சொட்டு.

நெல்லைச்சீமை:
இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவர் வாயிலாவது தமிழ் வந்ததா? அகமுகி, புறமுகி என்று அழகான சொற்கள் இருக்கின்றன.

தீப்பெட்டி:
'முகி' பெண்பால் மாதிரி இருக்கிறதே. ஆம்பளைக்கு அகமுகனா?

நெல்லைச்சீமை:
போன மாதம் ஃபில்டர் காபியை நான் 'வடிகாபி' என்று எழுதியபோதும் நீங்கள்தான் சிரித்தீர்கள். மறக்கவில்லை.

கணக்குவாத்தியார்:
சொல் என்றதும் நினைவு வருகிறது. யுங் எழுதியது எக்ஸ்ட்'ரா'வர்ஷன். 'ரோ' பின்னால் ஒட்டிக்கொண்டது. இந்தத் திரியில் எல்லாருமே தப்பாக எழுதுகிறீர்கள்.

ஊமைக்கோட்டான்:
நீங்களும்தான் சார். மேலே பாருங்கள், உங்கள் பதிவிலும் 'ரோ'.

கணக்குவாத்தியார்:
உங்களுக்குப் புரியட்டும் என்று இறங்கி வந்து எழுதினேன்.

ஊமைக்கோட்டான்:
ரொம்ப இறங்காதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் 4 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார். புதுப் பொருளைக் காட்டியதும் கைகால் உதைத்து அழுத குழந்தைகளில் பலர், பின்னாளில் புது ஆளைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளைகளாக வளர்ந்தார்கள். எலுமிச்சை இல்லாமலே நடந்தது.

கணக்குவாத்தியார்:
சின்னத் தூண்டல், பெரிய எதிர்வினை. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னதற்கு நன்றி.

ஊமைக்கோட்டான்:
நான் சொன்னது கூச்சம், நீங்கள் சொல்வது எச்சில்!

தீப்பெட்டி:
கூச்சமும் இன்ட்ரோவர்ஷனும் வேறு வேறு. கூச்சம் என்பது பயம். இன்னொன்றில் பயமே இல்லாமல், தனியாக இருப்பது பிடித்திருக்கலாம். இதைத்தான் முதலில் பேசலாம் என்றேன்.

அடைமழை:
எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் விட்டது லெமன், தடித்த தோல் மஞ்சள் பழம். நம் வீட்டில் இருக்கிற சின்ன எலுமிச்சை லைம் அல்லவா?

நெல்லைச்சீமை:
அப்படிப் போடுங்கள் தங்கச்சி! வாத்தியாரே, லண்டன் பழத்து முடிவை எங்கள் புளியங்குடிப் பழத்துக்கு எப்படி ஒட்டுவீர்கள்?

கணக்குவாத்தியார்:
புளிப்பு புளிப்புதான். முப்பத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவனிடம் பழத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

நெல்லைச்சீமை:
கணக்குப் பாடம்தானே எடுத்தீர்கள்? தாவரவியலா?

கணக்குவாத்தியார்:
கணக்கு என்பதால்தான் எண்ணச் சொல்கிறேன். நாலு.

தீப்பெட்டி:
எங்கள் ஆபீஸில் ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லி, ஆளுக்கு நாலெழுத்துப் பட்டம் கட்டினார்கள். அந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் ஓர் அம்மாவும் மகளும். இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. எனக்கு 'ஐ' வந்தது, அதாவது இன்ட்ரோவர்ட். மறுவாரமே கஸ்டமர் மீட்டிங்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். வாத்தியார் எங்கள் எச்ஆராக இருந்திருந்தால் வாசலிலேயே பஞ்சுக்குச்சியோடு நின்றிருப்பார்.

கணக்குவாத்தியார்:
நின்றிருப்பேன், அந்தத் தாளைவிடச் செலவு குறைவு. அது சரி, ஊமைக்கோட்டான் தம்பி, ஊமை என்று பெயர் வைத்துக்கொண்டு திரியையும் ஆரம்பித்துவிட்டு வாய் ஓயாமல் பேசுகிறீர்களே. இதுவா இன்ட்ரோவர்ட்?

ஊமைக்கோட்டான்:
தட்டச்சு வேறு, பேச்சு வேறு. காலையிலிருந்து வீட்டில் நான் பேசியது இரண்டே வார்த்தை. "காபி", "போதும்". நான் கிளம்புகிறேன், இனி இந்தத் திரிப் பக்கமே வரமாட்டேன்.

நெல்லைச்சீமை:
வடிகாபி.

அடைமழை:
இன்று காலை மறுபடி செய்தேன் சார். எண்ணி நாலு சொட்டு. லேசாகச் சாய்ந்தது. ஆனால் நூலை நடுவில் கட்டினேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

கணக்குவாத்தியார்:
பார்த்தீர்களா! நாலு சொட்டு!

ஊமைக்கோட்டான்:
நூல் சரியில்லை என்கிறாரே, அதைப் படித்தீர்களா?

கணக்குவாத்தியார்:
கிளம்பிவிட்டதாகச் சொன்னீர்கள்?