ஒரே அமைப்பில் இரண்டு ரயில்கள்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 1:87 அளவிலான எச்.ஓ மாதிரி ரயில் அமைப்பு இது. உள்வட்டம், வெளிவட்டம், நடுவே இரண்டையும் இணைக்கும் கிராஸ்ஓவர். வட்டத்துக்கு ஒன்றாக இரண்டு 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர்கள். கிராஸ்ஓவரில் தண்டவாளத் துண்டுகளை இணைக்கப் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு மின்சாரத்தைப் பிரித்தாயிற்று. தனித்தனியே ஓடும்வரை குறையில்லை. இன்ஜின் வட்டம் தாண்டும்போதுதான் வம்பு: முன்சக்கரம் ஒரு கன்ட்ரோலரிலும் பின்சக்கரம் மற்றதிலும் நிற்க, வேகம் எகிறித் துள்ளுகிறது. துருவம் எதிராக இருந்தால் ஷார்ட் ஆகி எல்லாமே நின்றுவிடுகின்றன.

தண்டவாளத்தைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் வைப்பதா, ஒரேயடியாக டிசிசிக்கு (ஒவ்வொரு இன்ஜினையும் டிஜிட்டல் கட்டளையால் தனித்தனியே இயக்கும் முறை) மாறுவதா? என் மனம் டிசிசி பக்கம்தான், பர்ஸ்தான் தயங்குகிறது. பழைய இன்ஜின் ஒன்றில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது. டிகோடர் (டிசிசி கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்) பொருத்துமுன் அதை எப்படிப் பிரித்துக் காப்பிடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.