கல்கிசைக் கடற்கரையில் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு: விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தையான் எழுதியது:

உறவுகளே, வணக்கம். கனடாவிலிருந்து சித்தப்பாவின் குடும்பம் தை மாதம் கொழும்புக்கு வருகிறது. மணலில் மேசை போட்டிருக்கும் கடை ஒன்றில் அலைச் சத்தத்தோடு சாப்பிட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. எல்லாருமாக ஒன்பது பேர். சித்தப்பாவுக்கு ஒரு பியர் கிடைத்தால் போதும். அம்மாவோ வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடமாட்டார், முழங்கால் வருத்தமும் உண்டு. எங்களுக்கு வசதிப்படுவது ஒரு வெள்ளிக்கிழமைதான்.

போன வருடம் இப்படிப் போய்ச் சூடு கண்டவன் நான். கடையின் பெயர் வேண்டாம். மெனுவில் 100 கிராமுக்குப் போட்டிருந்த விலையை ஒரு தட்டின் விலை என்று நினைத்துக்கொண்டு, "பெரிய மீனாகவே கொண்டுவாருங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பில்லில் அந்த மீன் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று இருந்தது. அதை நிறுத்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. இம்முறை எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அடுப்படியான் எழுதியது:

நான் நீர்கொழும்பிலும் பிறகு கல்கிசையிலும் கடற்கரை உணவகங்களின் சமையலறையில் பதினொரு வருடம் நின்றவன் என்பதால் மீனிலிருந்தே தொடங்குகிறேன். ஐஸ் தட்டில் மீனை அடுக்கி வைத்திருக்கும் கடையென்றால், மேசையில் இருந்துகொண்டு ஓடர் கொடுக்காமல் எழுந்துபோய் நீங்களே தெரிவு செய்யுங்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், மண்ணிறமாக இருந்தால் வேண்டாம். கண் உள்ளே குழிந்திருக்கக் கூடாது. விரலால் அமத்தினால் சதை உடனே மேலெழ வேண்டும். பிறகு தராசில் உங்கள் கண் முன்னால் போடச் சொல்லி, நிறையையும் விலையையும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். குடலும் செதிலும் எடுப்பதற்கு முன்னர் நிறுப்பதுதான் வழக்கம். அது ஏமாற்று அல்ல. ஆனால் தலையும் முள்ளும் போக மிஞ்சுவது ஏறக்குறையப் பாதிதான் என்பதால், முழு மீனாக எடுத்தால் ஆளுக்கு 400 கிராம் கணக்கு வையுங்கள்.

வெயிட்டர் பெரும்பாலும் சிங்களப் பெயரைத்தான் சொல்வார். பராவ் என்றால் பாரை, மோதா என்றால் கொடுவா, தோரா என்றால் அறுக்குளா. கரியடுப்பில் முழுதாகச் சுடுவதற்குப் பாரையும் கொடுவாவும் நல்லவை. அறுக்குளாவைத் துண்டாக வெட்டிப் பொரித்தால்தான் அதன் அருமை தெரியும். நல்ல மீனை வாங்கிவிட்டு அதை டெவில் செய்யச் சொல்லாதீர்கள். தக்காளிச் சோஸும் கறிமிளகாயும் வெங்காயமும் சேர்ந்து மீனின் சுவையை மூடிவிடும். அந்தச் சமையல் கணவாய்க்கும் இறாலுக்கும் பொருந்தும். ஒன்றரைக் கிலோ மீன் சுட்டு வர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்பதால், வந்து அமர்ந்தவுடனேயே மீனைச் சொல்லிவிட்டு மற்றவற்றைப் பிறகு யோசியுங்கள்.

அம்மாவின் விடயத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. "மீன் போடாமல் தாருங்கள்" என்று சொன்னால் அவர்கள் மீன் துண்டை மட்டும்தான் தவிர்ப்பார்கள். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள், பல இடங்களில் பருப்பிலும் மாசி விழும், மரக்கறி பிரைட் ரைஸில் சிப்பிச் சோஸ் ஊற்றுவது எங்கள் அடுப்படியில் கைப்பழக்கமாகவே இருந்தது. ஆகவே மாசி, சிப்பிச் சோஸ், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்றும், வேறு தாச்சியில் சமைக்கும்படியும் கேளுங்கள். கூட்டம் நிறைந்த இரவில் அது நடக்குமா என்று கேட்டால், நடக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

கரையோரப் பயணி எழுதியது:

முழங்கால் வருத்தம் என்பதால் ஒன்று சொல்கிறேன். கரையோரப் புகையிரதப் பாதை கடலை ஒட்டியே போகிறது. கல்கிசையில் மணலில் மேசை போடும் கடைகள் பல தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கின்றன. ஓட்டோ ஒழுங்கை முடிவில் இறக்கிவிடும், அதன் பிறகு கல்லும் சிலிப்பர் கட்டைகளும் தாண்டி நடக்க வேண்டும். இருட்டியபின் அம்மாவை அதால் கூட்டிவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் நாளே ஒருவர் போய்ப் பார்த்து, மரத்தளம் போட்ட, தண்டவாளம் தாண்டத் தேவையில்லாத இடத்தைப் பதிவு செய்யுங்கள். மணலில் பிளாஸ்டிக் கதிரையின் பின்கால்கள் மெல்ல மெல்லப் புதையும். சென்ற முறை என் மாமியார் சூப்புக் கோப்பையோடு பின்னால் சாய்ந்ததை நாங்கள் நான்கு பேர் சேர்ந்துதான் தடுத்தோம்.

தை மாதத்தில் சூரியன் ஆறேகால் அளவில் மறையும். ஐந்தரைக்கு அமர்ந்தால் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியும் கிடைக்கும், கடலும் அப்போது அமைதியாக இருக்கும். வைகாசி தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே போய்ப் பார்த்தால் தட்டில் மணல்தான்.

கணக்கன் எழுதியது:

மெனு விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 தை முதல் 18 சதவீதமான பெறுமதிசேர் வரியும் தனியே சேரும் கடையென்றால், 100 ரூபாச் சாப்பாடு 130 ரூபாவை நெருங்கும். அத்துடன், போயா என்னும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் நாடு முழுவதும் மதுபானம் விற்கமாட்டார்கள்.

வெள்ளவத்தையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாசி விடயத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா, "வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை போவோம், நானும் மீன் சாப்பிடலாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கலண்டரைப் பார்த்தால் அந்தச் சனிக்கிழமை போயா. சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை, பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னார். நாளை பின்னேரம் போய்த் தண்டவாளத்தையும் தராசையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.