சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கில் இடம் காட்டும் வேலையில் கடைசி நாள்: ‘நம்ம வீடு’ குடும்ப அரட்டைக் குழுவில்

சனிக்கிழமை

நான் (இரவு 11:41): வேலை முடிந்தது. அடையாள அட்டை, வாக்கி டாக்கி, டார்ச் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். ரயிலில் இருக்கிறேன். மெக்பர்சன் தாண்டியாகிவிட்டது.

வீட்டுக்காரர் (11:42): சிராங்கூனில் கீழே வந்து நிற்கிறேன். சாப்பிட்டாயா?

நான் (11:42): கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். சோறு சாப்பிடவில்லை.

வீட்டுக்காரர் (11:43): ரசம் வைத்திருக்கிறேன். வந்ததும் சூடு பண்ணித் தருகிறேன்.

மகள் (11:45): அம்மா, அழுதீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

நான் (11:46): இடைவேளை வரை நன்றாகத்தான் இருந்தேன். இரண்டாம் பாதிக்குக் கதவைச் சாத்தும்போது தாங்க முடியவில்லை. உள்ளே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அழுதுகொண்டே நிற்க முடியுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா (11:50): அம்மா இன்னும் தூங்கவில்லை. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னால்தானே நீ வேலையை விடும்படி ஆயிற்று என்று மனசு அடித்துக்கொள்கிறது. இந்த இடுப்பு மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் சிங்கப்பூரை விட்டு ஈப்போவுக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்.

நான் (11:53): அக்கா, அப்படிப் பேசாதீர்கள். இத்தனை வருடமும் அம்மாவை நீங்கள் ஒருவராகவே பார்த்துக்கொண்டீர்கள். அம்மாவோடு இருக்க எனக்கு ஆசைதான். அதற்காக, இந்த வேலையை விடுவது வலிக்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா (11:54): சரி, போய்ச் சாப்பிட்டுப் படு. காலையில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை

பட்டுக்கோட்டை சித்தப்பா (காலை 8:05): இனிய காலை வணக்கம். பாப்பா வேலையை விட்டுவிட்டதாமே? தண்ணீர் ஓரமாக முள்ளு முள்ளாக ஒரு கட்டடம் இருக்குமே, அதுதானே? நான் வந்திருந்தபோது காசில்லாமல் கச்சேரி காட்டினாயே.

நான் (8:20): அதேதான் சித்தப்பா. ஊரே டுரியான், அதாவது முள்ளு முள்ளாக இருக்கும் அந்தப் பழம், என்று கூப்பிடும் கட்டடம். அது முள் இல்லை, அலுமினியத் தகடு. வெயில் நேராக உள்ளே அடிக்காதபடி கோணம் பார்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது கீழ்க்கூடத்தில் நடக்கும் இலவச நிகழ்ச்சி. அங்கே நடப்பவற்றில் பாதிக்கு மேல் இலவசம்தான்.

தம்பி (8:31): அந்த இடத்தில் முன்பு சாத்தே கிளப் இருந்தது சித்தப்பா, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி விற்கும் கடைகள். 1995இல் எடுத்துவிட்டார்கள். சம்பள நாளில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். நான் எத்தனை குச்சி தின்றேன் என்று அக்காதான் எண்ணிக்கொண்டிருப்பார்.

தம்பி (8:34): அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். டிக்கெட்டைப் பார்த்து இடம் காட்டுகிற வேலைதானே? அதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்? டாக்சியில் அந்த வாசலில் தினமும் ஆள் இறக்கிவிடுகிறேன். உள்ளே ஒருநாளும் போனதில்லை, அதனால் கேட்கிறேன்.

நான் (8:36): இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பசியாறிவிட்டு வந்து சொல்கிறேன்.

நான் (9:10): இப்போது கேள். இசை அரங்கில் ஏறக்குறைய 1,600 இருக்கைகள். ஏழரைக்கு உள்ளே விட ஆரம்பித்தால் எட்டுக்குள் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். தரைத்தளத்துக்கு மேல் மூன்று அடுக்கு உண்டு. உச்சி அடுக்கில் படி செங்குத்தாக இருக்கும். வயதானவர்களை இறக்கிக் கூட்டிப் போகும்போது நாம் ஒரு படி கீழே, பக்கவாட்டில் நிற்க வேண்டும். டார்ச் வெளிச்சம் அவர்கள் கால் வைக்கப்போகும் படியில் விழ வேண்டும். முகத்தில் பட்டால் கண் கூசி, அடுத்த படி தெரியாமல் போய்விடும்.

நான் (9:14): ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு கதவு. நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஓர் இருட்டு இடம். வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்கலாம். இல்லாவிட்டால் வெளியே ஒருவர் சிரிப்பது உள்ளே வயலின்காரர் காது வரை போகும். கைப்பிடியை விடாமல் தோளைக் கொடுத்துச் சாத்துவேன். டக்கென்ற சத்தமே வராது. புதிதாகச் சேரும் பிள்ளைகளை என் வாசலுக்குத்தான் அனுப்பிக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள்.

வீட்டுக்காரர் (9:15): வீட்டிலும் அப்படித்தான். இவள் அறையில் இருக்கிறாளா வெளியே போய்விட்டாளா என்றே தெரியாது.

தம்பி மகன் (9:17): அத்தை, லேட்டாக வருபவர்களை நிஜமாகவே உள்ளே விட மாட்டீர்களா? எங்கள் வகுப்பில் ஒருவன் நின்றானாம்.

நான் (9:25): விடுவோம், எப்போது என்பதுதான் விஷயம். சிம்பொனி என்றால் ஒரு பகுதி முடிந்ததும் வாத்தியமெல்லாம் நின்று அரங்கமே அமைதியாகிவிடும். முடிந்துவிட்டது என்று நினைத்துத் திறந்துவிடக் கூடாது. இசைக்குழுவை நடத்துபவரின் கை இன்னும் இறங்கியிருக்காது, அடுத்த பகுதி பாக்கி இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீன மேற்பார்வையாளர். மேடையைப் பார்க்காதே, நடத்துபவர் தோளைப் பார் என்பார். தோள் தளர்ந்தால்தான் முடிந்தது.

நான் (9:31): கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வந்தால், கூட வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான்தான் வாத்தியார். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் அரங்கமே கை தட்டும். பாட்டு முடிந்தது என்று அவர்கள் கதவுக்குப் போவார்கள். அதற்குப் பிறகும் பாட்டின் எடுப்பு வரியைத் திரும்பப் பாடித்தானே பாடகர் முடிப்பார்? வாக்கி டாக்கியில் “அக்கா, நவ்?” என்று கேட்பார்கள். “நாட் யெட்” என்பேன். சீன, மலாய்ப் பிள்ளைகள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ராகம் பாட ஆரம்பித்துவிட்டால் வெளியே நிற்பவர்களுக்கு நாற்காலி போட்டுவிடச் சொல்வேன். அது எவ்வளவு நேரம் போகும் என்று பாடுகிறவருக்கே தெரியாது.

தம்பி (9:34): வெளியே நிற்பவர்கள் கத்த மாட்டார்களா?

நான் (9:38): கத்துவார்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும்? வெளியே இருக்கும் திரையில் மேடையைக் காட்டி, இது முடிந்ததும் உங்களைத்தான் முதலில் கூட்டிப்போவேன் என்று சொல்லிப் பக்கத்திலேயே நிற்பேன். சொன்னபடி செய்தால் போதும், போகும்போது அவர்களே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

தம்பி மகன் (9:40): எங்கள் விரிவுரையாளர் அந்த அரங்கின் ஒலி அமைப்பைப் பற்றி ஒரு பாடமே எடுத்தார் அத்தை. சுவருக்குப் பின்னால் அறைகள் இருப்பது உண்மையா?

நான் (9:48): உண்மைதான்டா. ரசல் ஜான்சன் என்ற ஒலியியல் வல்லுநர் வகுத்துக் கொடுத்தது. மேலே சுற்றிலும் காலி அறைகள், அவற்றுக்குக் கனமான கான்கிரீட் கதவுகள். திறந்து வைத்தால் ஒலி உள்ளே போய்ச் சுற்றிவிட்டு மெதுவாக அடங்கும். கூட்டாகப் பாடும்போது கேட்க வேண்டுமே! மைக் வைத்து மிருதங்கம், கடம் என்றால் அவற்றை மூடி, திரைகளையும் இழுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தில் ஒரு சொல்லோடு இன்னொரு சொல் போய் ஒட்டிக்கொள்ளும். மேடைக்கு மேலே மூன்று துண்டாக ஒரு விதானம் தொங்கும், அதையும் நிகழ்ச்சிக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்குவார்கள். ஒரே அரங்கம்தான், ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி கேட்கும்.

நான் (9:52): குழாய் ஆர்கனைச் சொல்ல விட்டுவிட்டேனே. ஜெர்மனியில் கிளைஸ் என்ற நிறுவனம் செய்தது. 4,740 குழாய்கள். அதன் அடிச்சுருதி காதில் விழுவதற்கு முன்னால் பாதத்தில் தெரியும். கதவில் முதுகைச் சாய்த்து நின்றால் கதவே லேசாக அதிரும். நேற்று அது வாசிக்கவில்லை. அதுதான் ஒரு குறை.

மகள் (9:55): அந்தத் தாத்தா கதையைச் சொல்லுங்கள் அம்மா. மாமாவுக்குத் தெரியாது.

நான் (10:06): கலா உத்சவத்தில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேட்டி, ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். கையில் டிக்கெட் இருக்கிறது, உள்ளே வரவில்லை. நான் போய்த் தமிழில் கேட்டதும்தான் முகம் தெளிந்தது. பேத்தி ஆடுகிறாளாம். வீட்டார் முன்னாலேயே வந்துவிட்டார்கள், இவர் தேக்காவில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். “இந்த மாதிரி வந்தால் உள்ளே விடுவார்களா?” என்று கேட்டார். “உங்களுக்காகத்தானய்யா கதவையே சாத்தாமல் வைத்திருக்கிறோம்” என்றேன். செருப்பை எங்கே விட வேண்டும் என்று அடுத்த கேள்வி. போட்டுக்கொண்டே வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப்போனேன்.

நான் (10:09): பேத்தி மேடைக்கு வந்ததும் அவர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். கடைசிவரை பின்னால் சாயவே இல்லை. வெளியே வரும்போது என்னைத் தேடி வந்து, “அடுத்த வருடமும் நீ இருப்பாயாம்மா?” என்று கேட்டார். இருப்பேன் என்றேன். அடுத்த வருடம் வேட்டி சட்டையோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

தம்பி (10:12): சரிதான் அக்கா. இப்போது புரிகிறது.

நான் (10:16): 2020 மார்ச் கடைசியில் அரங்கங்களை மூடச் சொன்னார்களே, அப்போதுதான் எனக்கே புரிந்தது. வீட்டில் சம்பளக் கவலையைவிட, சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை பரபரக்கும். திரும்பத் திறந்தபோது முதலில் ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. அவ்வளவு பெரிய கூடத்தில் ஐம்பது பேர் கை தட்டும் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குச் சேர்த்துத் தட்டினார்கள்.

அக்கா (10:24): எல்லாவற்றையும் படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். செருப்புக் கதையில் சிரித்தார்கள். இவ்வளவையும் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? தெரிந்திருந்தால் வரச் சொல்லியிருக்க மாட்டேனே.

நான் (10:25): அதனால்தான் சொல்லவில்லை.

அக்கா (10:31): நேற்று கடைசியாக எப்படி அனுப்பி வைத்தார்கள்?

நான் (10:40): ஆர்ப்பாட்டமெல்லாம் இல்லை. கூட்டம் போனதும் வழக்கம்போல வரிசை வரிசையாக இருக்கைக்கு அடியில் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு குடை, ஒரு கண்ணாடி, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடைத்தன. எழுதிப் பதிந்து கொடுத்தோம். அப்புறம் மேற்பார்வையாளர் என்னை மட்டும் தரைத்தளத்தில் நடு வரிசையில் உட்காரச் சொன்னார். அத்தனை வருடமும் அங்கே உட்கார்ந்ததே இல்லை, வேலை நேரத்தில் உட்காரக் கூடாதே. மேடையில் ஆட்கள் நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்கூட என்ன துல்லியமாகக் கேட்டது தெரியுமா! அதற்குப் பிறகு கேக்.

பட்டுக்கோட்டை சித்தப்பா (10:44): நல்ல வேலை பார்த்திருக்கிறாய் பாப்பா. நல்லா இரு.

தம்பி (10:50): நவம்பரில் கலா உத்சவம் வரும் இல்லையா? இந்தத் தடவை நான் டிக்கெட் எடுக்கிறேன். அக்கா ஈப்போவிலிருந்து வர வேண்டும், டார்ச் இல்லாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த இருக்கை நல்லது?

நான் (10:53): இசை அரங்கம் என்றால் முதல் அடுக்கின் முன்வரிசை. பாடுகிறவர் முகமும் தெரியும், மிருதங்கக்காரர் விரலும் தெரியும். காசு கூடுதல் என்றால் மூன்றாவது அடுக்கு எடு, மேலேயும் நன்றாகவே கேட்கும். ஆனால் அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவது? அப்போது பார்க்கலாம்.

தம்பி (10:54): பெரியக்காவும் வர வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து எங்கேயாவது போய் எவ்வளவு காலம் ஆகிறது.

அக்கா (10:58): எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது? இரவில் இரண்டு தடவை எழுப்பிக் கூட்டிப்போக வேண்டுமே.

வீட்டுக்காரர் (11:02): நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. அந்த வாரம் விடுப்பு போட்டுவிட்டு ஈப்போ வந்துவிடுகிறேன். மாத்திரை நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பிவிடுங்கள்.